செயற்கைக்கோள் காட்டும் மழை: மலையோரத்தில் எவ்வளவு நம்பலாம்?

ஆண்டிபட்டி வட்டாரத்தில் சோளம், நிலக்கடலை, பயறு வகைகளை மானாவாரியாகப் பயிரிடும் விவசாயிகளுக்கு இன்று கைப்பேசியிலேயே மழைப்படம் கிடைக்கிறது. ஆனால் படத்தில் 20 மில்லிமீட்டர் மழை என்று இருக்கும்போது, நிலத்தில் புழுதிகூட அடங்காமல் இருக்கலாம். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 20 மில்லிமீட்டர் தவறினால் 80,000 லிட்டர் கணக்கு தவறுகிறது. படத்தை மட்டும் நம்பி விதைத்தால் விதையும் கூலியும் நஷ்டமாகும்.

வேறுபாடு ஏன்?

இன்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்துள்ளது என்று அளக்கின்றன. குளிர்ச்சி கூடினால் மழையும் கூடுதல் என்பது கணக்கு. மலைப் பகுதியில் இக்கணக்கு பல சமயம் தவறிவிடுகிறது.

தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று ஏறும்போது உண்டாகும் மேகங்கள் பல உயரம் குறைந்தவை. அவற்றின் உச்சி அதிகம் குளிராது. ஆயினும் கேரளச் சரிவில் நல்ல மழை பெய்யும். செயற்கைக்கோள் அதைக் குறைத்துக் காட்டும். மலையைத் தாண்டிக் கிழக்கே வரும் உயரமான மெல்லிய மேகம் குளிர்ந்திருக்கும்; மழை தராது. தந்தாலும் வறண்ட காற்றில் துளிகள் தரை சேருமுன் ஆவியாகிவிடும். அங்கே இல்லாத மழை படத்தில் தெரியும். மழை மறைவுப் பகுதியான ஆண்டிபட்டியில் இந்தத் தவறைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

2014-இல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளில் ரேடார் உள்ளது. அதனுடன் பல செயற்கைக்கோள்களின் தகவலையும் சேர்த்துத் தயாரிக்கும் கணக்கில் ஒரு கட்டம் பக்கத்துக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அதனால் மலை உச்சிக்கும் அடிவார நிலத்துக்கும் ஒரே எண் வரக்கூடும்.

சரிபார்க்கும் முறை

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான டின் ஒன்று போதும். வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சாயாமல் இருக்குமாறு திறந்த வெளியில் வைக்க வேண்டும். மரம், வீடு இவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி வைப்பது நலம்.

தினமும் காலை 8.30 மணிக்குத் தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, நோட்டில் குறித்துவிட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். அருகில் செயற்கைக்கோள் எண்ணையும் எழுதலாம். சில செயற்கைக்கோள் கணக்குகளில் ஒரு நாள் என்பது காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை. இதைக் கவனிக்காவிட்டால், விடியற்காலை மழை வேறு தேதியில் விழுந்ததாகத் தோன்றும்.

ஒரு பருவம் முடிந்ததும், இரண்டிலும் மழை உள்ள நாட்கள், படத்தில் மட்டும் மழை உள்ள நாட்கள், டின்னில் மட்டும் மழை உள்ள நாட்கள் எனத் தனித்தனியே எண்ண வேண்டும். தம் நிலத்துக்குப் படம் எவ்வளவு பொருந்தும் என்பது அப்போது தெரியும்.

மேகம் நகரும் திசையை அறியச் செயற்கைக்கோள் படம் பெரிதும் உதவும். விதைப்பை மட்டும் டின்னில் சேர்ந்த மழையையும், மண்ணைத் தோண்டிப் பார்த்த ஈரத்தையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.