ஐந்தாண்டுக் குளிசையும் அதன் அசதியும்

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்ணொருத்திக்குச் சத்திரசிகிச்சைக் காயம் ஆறி, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, உதிர்ந்த தலைமயிர் மெல்ல முளைக்கத் தொடங்கியதும் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். அயலாரும் வந்து, கண்டம் கழிந்தது என்று சொல்லிப் போகின்றனர். ஆனால், வைத்தியர் அவள் கையிலே ஒரு சிறு குளிசையைக் கொடுப்பது பெரும்பாலும் அந்த வேளையிலேதான். நாளொன்றுக்கு ஒன்று வீதம் ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள் அதனை விழுங்குதல் வேண்டும். சிகிச்சை முடிந்துவிட்டதென ஊர் எண்ணும்பொழுது அவளுடைய மிக நீண்ட சிகிச்சை தொடங்குகின்றது. அதனோடு வரும் களைப்பை யாரிடம் எடுத்துச் சொல்வதென்று அவளுக்குத் தெரிவதில்லை. முகம் தெளிந்திருக்கின்றது, நடமாட்டமும் இருக்கின்றது. இன்னும் என்ன அசதி என்று மற்றவர்கள் கேட்காவிட்டாலும், அவர்களுடைய பார்வை கேட்கின்றது.

மார்புப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 100க்கு 70, பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்திரசன் என்னும் ஓமோனைத் துணையாகக் கொண்டு வளர்பவை. அந்த ஓமோனைத் தடுத்தால் நோயும் தளரும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. கிளாஸ்கோ நகரில் வாழ்ந்த ஜோர்ஜ் பீற்சன் என்னும் சத்திரவைத்தியர், சூலகத்தை நீக்கிய பசுக்களில் பால் நெடுங்காலம் சுரப்பதைப் பண்ணையாளர் அனுபவத்திலிருந்து அறிந்திருந்தார். சூலகத்துக்கும் மார்புக்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்று அவர் ஊகித்தார். முற்றிய நோயுடைய பெண்களுக்குச் சூலகத்தை அகற்றிப் பார்த்து, கட்டி சுருங்கியதை 1896ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓமோன் என்ற சொல்லே வழக்கில் வராத காலம் அது.

இன்று பெரிதும் வழங்கும் தமொக்சிபெனின் கதை இன்னும் விந்தையானது. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செஷயரிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் டோரா றிச்சட்சன் என்னும் இரசாயன அறிஞர் அதனை ஆக்கினார். அப்பொழுது தேடப்பட்டது கருத்தடை மருந்தொன்று. எலிகளில் அது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களிலோ அதற்கு மாறாகச் சூல் வெளிப்படத் துணைசெய்தது! கருத்தடைக்கு உதவாத அம்மருந்தை மான்செஸ்டர் நகரின் கிறிஸ்ரி வைத்தியசாலையில் மார்புப் புற்றுநோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதன் பெறுபேறு 1971இல் வெளியாயிற்று. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதற்கும் இடமுண்டு.

தமொக்சிபென் செய்வது என்ன? மார்புக் கலத்தில் ஈஸ்திரசன் வந்து பொருந்தும் இடமொன்று உண்டு. பூட்டின் துவாரத்தில் வேறொரு திறப்பைச் செருகி முறித்துவிட்டால் சரியான திறப்பு உள்ளே நுழையமாட்டாதல்லவா? அதைப்போலத் தமொக்சிபென் அவ்விடத்தை அடைத்துக்கொள்கின்றது. அனஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்செமெஸ்டேன் என்னும் மற்றொரு வகை மருந்துகளின் வழி வேறு. மாதவிடாய் நின்ற பின்னரும் கொழுப்பு முதலிய இழையங்களில் சிறிதளவு ஈஸ்திரசன் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதனை உண்டாக்கும் நொதியத்தையே இவை முடக்கிவிடுகின்றன.

ஆனால், ஈஸ்திரசன் மார்புக்கு மட்டும் உரியதன்று. உடற்சூட்டை நிதானப்படுத்தும் மூளைப் பகுதி, எலும்பு, மூட்டு, தோல், நித்திரை ஆகிய அனைத்திலும் அதன் கை உண்டு. ஆகவே, அதைத் தடுக்கும்பொழுது இவையெல்லாம் முறையிடுகின்றன. திடீரென நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் பரவி வியர்க்கின்றது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மறுக்கின்றன, முழங்கால் நோகின்றது. பெண்ணுறுப்பு வறண்டுபோகின்றது, இதனைப் பலர் வைத்தியரிடங்கூடச் சொல்லக் கூசுகின்றனர். ஓமோன் கலவாத பூச்சுகளால் பலருக்குச் சுகம் கிடைக்கும்; ஆனால் சொன்னால்தான் கிடைக்கும்.

இவற்றுள் வெளியே தெரியாததும் அதிகம் வருத்துவதும் அசதிதான். வயல் வேலை செய்தவனுக்கும் கூலி சுமந்தவனுக்கும் வரும் களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். இக்களைப்பு அவ்வாறு தீர்வதில்லை. எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும், படுக்காதவள்போல உடல் கனக்கின்றது. சோம்பல் என்ற சொல்லால் இதனைச் சுட்டுவது பெரும் அநியாயம்.

இதற்குக் காரணம் ஒன்றன்று. குளிசையின் பங்கு ஒருபுறமிருக்க, இரவில் வியர்த்து மூன்று நான்கு முறை விழிப்பவளுக்கு நித்திரை எங்கே? இரத்தச்சோகை இருக்கலாம்; தைரொயிட் சுரப்பி தளர்ந்திருக்கலாம்; முன்னர் பெற்ற மருந்துகளின் தாக்கம் இன்னும் நீங்காதிருக்கலாம்; மனச்சோர்வு உடற்சோர்வின் வேடம் பூண்டு வந்திருக்கலாம். எல்லாவற்றையும் குளிசையின் தலையில் போட்டுவிட்டால், தீர்க்கக்கூடிய காரணமும் தீராமலே இருந்துவிடும். ஆதலால் இரத்தப் பரிசோதனை முதற்படி. இரவு வியர்வையை அடக்கியதும் பகற்களைப்பும் பாதியளவு குறைந்துபோன பெண்கள் உண்டு.

அடுத்ததைக் கேட்டாற் சிலருக்குக் கோபமும் வரலாம். களைப்புக்கு மருந்து ஓய்வு என்பது நம்மவர் நம்பிக்கை. நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்க விடாமற் பேணுவதே அன்பென்று கருதும் தாய்மாரும் சகோதரிகளும் எத்தனை பேர்! ஆனால், புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடரும் அசதிக்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் சிறந்த பரிகாரம் உடற்பயிற்சியே. நாள் முழுவதும் படுத்திருந்தால் தசை மெலிகின்றது. மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருவேலையாகின்றது. அதனால் மீண்டும் படுக்கத் தோன்றுகின்றது. இவ்வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். முதல் வாரத்தில் வெயில் தாழ்ந்தபின் பத்து நிமிட நடை போதும். படலை வரை போய்வந்தவள், அடுத்த கிழமை சந்திவரை போய்வரலாம். ஒருநாள் உற்சாகமிகுதியால் இரண்டு மைல் நடந்து, மறுநாள் எழும்ப முடியாமற் கிடப்பதினும் இது மேலானது. நல்ல நாளில் அளவு மீறாமலும் கெட்ட நாளில் முற்றாக விட்டுவிடாமலும் நடந்துகொள்ளுதல் எளிதன்று. பழகப் பழகவே கைவரும்.

வீட்டுவேலைக்கும் இக்கணக்கு உண்டு. பெரும்பாலோருக்கு உடல் சற்றுத் தெம்பாக இருக்கும் நேரம் ஒன்று இருக்கும். அந்த நேரத்தை அவள் தனக்கு விருப்பமான காரியத்துக்கு வைத்துக்கொண்டு, தேங்காய் துருவுதலையும் உடுப்புத் தோய்த்தலையும் பிறரிடம் விடுதல் தகும். பிள்ளைகளும் கணவனும் அம்மியையோ துடைப்பத்தையோ தொட்டதனால் குடிமுழுகிப் போனதாக எங்கும் வரலாறு இல்லை.

நடையும் பயிற்சியும் மூட்டு நோவுக்கும் உதவுகின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், அனஸ்ட்ரசோல் போன்ற மருந்துகளை உட்கொண்டு மூட்டு நோவால் வருந்திய 121 பெண்கள் பங்குபற்றினர். ஒரு சாரார் கிழமைக்கு 150 நிமிடம் நடை முதலியவற்றையும், இருமுறை பாரந்தூக்கும் பயிற்சியையும் ஓராண்டு செய்தனர். அவர்களுடைய கடும் நோவின் அளவு 100க்கு 29 குறைந்தது. மற்றச் சாராரில் குறையவில்லை. நோகும் மூட்டை அசைக்கச் சொல்வது முரணாகத் தோன்றினாலும் பலன் அங்கேதான் இருக்கின்றது. போதாவிடின், வைத்தியர் ஒரு மருந்தை நிறுத்தி அவ்வினத்திலேயே மற்றொன்றைத் தரலாம். ஒன்றைத் தாங்காத உடல் மற்றொன்றைத் தாங்குவதுண்டு. இவ்வின மருந்துகள் எலும்பையும் மெலிவிப்பதால் எலும்பின் அடர்த்தியை அளந்து பார்ப்பதும் அவசியம்.

உடல் அனலுக்குப் பருத்தி ஆடை, காற்றோட்டமான அறை, காரத்தையும் சுடுபானத்தையும் குறைத்தல் ஆகியவை சிறிது உதவும். அதற்கும் அடங்காவிடின் வெனலபக்சின் போன்ற மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கு வழங்கும் பரொக்செற்றின், புளுவொக்செற்றின் என்பவை மட்டும் தமொக்சிபெனுடன் சேர்தல் நன்றன்று. உடல் தமொக்சிபெனை வீரியமுள்ள வடிவுக்கு மாற்றுவதை அவை தடுக்கின்றன. ஆகவே, வேறு வைத்தியரிடம் போகும்பொழுதும் இக்குளிசையின் பெயரைச் சொல்லுதல் வேண்டும். நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும். செறிவூட்டிய மஞ்சட் சத்தை மிளகுச் சத்துடன் சேர்த்து உட்கொண்டவர்களில் தமொக்சிபெனின் வீரிய வடிவம் இரத்தத்தில் சற்றுக் குறைந்ததென 2019இல் ஒரு சிற்றாய்வு காட்டியது. கறிக்கு இடும் மஞ்சளுக்காக எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கடையில் விற்கும் மஞ்சட் கூட்டுக் குளிசை வேறு பொருள்.

இன்னொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. நோய் வரக்கூடிய வாய்ப்பு மிகுந்த 3,864 பெண்களுள் ஒரு பகுதியினருக்கு அனஸ்ட்ரசோலையும், மறுபகுதியினருக்கு மருந்தற்ற போலிக் குளிசையையும், இன்னது இன்னாருக்கென்று சொல்லாமற் கொடுத்தனர். 2014இல் வெளியான பெறுபேற்றின்படி மூட்டு, தசை முறைப்பாடுகள் மருந்து உண்டவர்களில் 100க்கு 64. போலிக் குளிசை உண்டவர்களில் 58! அவ்வயதில் இந்நோவுகள் தாமாகவும் வருவன என்பதே இதன் பொருள். நோயாளி சொல்வது கற்பனை என்று இதனைக்கொண்டு வாதிப்பவர் ஆய்வையும் அறியார், நோவையும் அறியார். குளிசையை நிறுத்தினால் எல்லா நோவும் பறந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு மட்டுமே இது மறுமொழி.

அந்நம்பிக்கையால் இடைநடுவில் நிறுத்துவோர் பலர். வீட்டாருக்கும் வைத்தியருக்கும் சொல்லாமல் நிறுத்துவோரும் உளர். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவாகையால் இவ்விடயம் எத்தனையோ வீடுகளைத் தொடுகின்றது. ஓமோனால் வளரும் நோயுடையோர் தமொக்சிபெனை ஐந்து ஆண்டு உட்கொண்டால், அந்நோயால் இறக்கும் அபாயம் முதற் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றதென 2011இல் வெளியான பேராய்வு காட்டிற்று. குளிசை நின்ற பின்னரும் காவல் நிற்கின்றது என்பது அதில் அடங்கிய நற்செய்தி. தாங்க முடியாதவள் அதைச் சொல்லிவிட்டால் வைத்தியருக்கு வழிகள் உண்டு: உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், சில வாரம் நிறுத்திப் பார்த்து, குற்றவாளி குளிசைதானா என்று அறியலாம். பிள்ளைப்பேறு விரும்பும் இளம்பெண்கள் சிலருக்கு, தகுந்த காலம் சிகிச்சை பெற்றபின் வைத்தியரின் கண்காணிப்பில் இரண்டு ஆண்டுவரை இடைவேளை விடுவதால் குறுகிய காலத்தில் நோய் மீளும் அபாயம் கூடவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வும் கூறுகின்றது. ஒருநாள் மறந்துவிட்டால் அதற்காக மறுநாள் இரண்டு குளிசை விழுங்குதல் வேண்டாம். தமொக்சிபென் உடலில் பல நாள் தங்குவது.

காத்திருக்கக் கூடாத குறிகளும் சில உண்டு. தமொக்சிபென் உண்பவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ இரத்தம் உறைந்திருத்தல் கூடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், சொட்டளவே ஆயினும், கருப்பையைச் சோதிக்கும்படி வைத்தியரைக் கேட்டல் வேண்டும். இவை அரிதாக நேர்வன. எனினும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்கலாம் என்று விடத்தக்கவை அல்ல.