வண்டி எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவர், பூங்கா நகரில் இறங்கி, பக்கத்துப் பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துப் போய்விடலாம். அதே டிக்கெட்டோடு எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால் டிடிஆர் அபராதச் சீட்டைக் கிழிப்பார். போய்ச் சேர்ந்த ஊர் சரிதான், ஏறிய வண்டிதான் தப்பு.

இது பிடிபட்டவருக்கு ஜெர்மனியின் வட்டார ரயில் டிக்கெட் பாதி புரிந்த மாதிரி. கோட்டூர்புரத்துக்காரர்களுக்கு அந்த நாடு அப்படியொன்றும் அந்நியமில்லை. பக்கத்தில் இருக்கும் ஐஐடியே 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டதுதான். இன்று பிள்ளைகள் அங்கே படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். கோடை விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் பார்க்கப் போகிறார்கள். போனதும் முதல் குழப்பம் ரயிலில்தான். ஒரே ஊருக்கு ஒரே நாளில் பல விலை.

ஜெர்மன் ரயில்களை இரண்டு சாதியாகப் பிரித்துவிடலாம். ஐசிஇ, ஐசி, ஈசி ஆகியவை தொலைதூர விரைவு வண்டிகள். ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்குபவை வட்டார வண்டிகள். நடைமேடைப் பலகையில் வண்டி எண்ணுக்கு முன்னால் இந்த எழுத்துகள் இருக்கும். வட்டார டிக்கெட் வைத்திருப்பவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 1996 முதல் வட்டார ரயில்களுக்குப் பொறுப்பு மாநிலங்களுடையது. எந்தத் தடத்தில் எத்தனை வண்டி ஓடவேண்டும் என்று மாநிலத்தின் போக்குவரத்து அமைப்பு முடிவுசெய்து, நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, பொதுப்பணத்தில் ஓட்டவைக்கிறது. விரைவு வண்டிகளோ டிக்கெட் வருமானத்தில் தம் காலில் நிற்கவேண்டியவை. ஆகவே மலிவான வட்டார டிக்கெட் மாநிலம் பணம் கொடுக்கும் வண்டியில்தான் செல்லும். ஓட்டுவது எந்த நிறுவனமானாலும், பெட்டிக்கு என்ன நிறமானாலும் கவலையில்லை.

இந்த வகையின் முன்னோடி 1995இல் வந்த வாரக்கடைசி டிக்கெட். அப்போதைய நாணயத்தில் 15 மார்க்குக்கு ஐந்து பேர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாடு முழுக்க வட்டார வண்டிகளில் சுற்றலாம். கூட்டம் அலைமோதியது, பிறகு விலையை ஏற்றினார்கள், ஒரு நாளாகச் சுருக்கினார்கள், 2019இல் நிறுத்தியே விட்டார்கள். அதற்குள் ‘லெண்டர் டிக்கெட்’ எனப்படும் மாநில டிக்கெட்டுகள் வேரூன்றிவிட்டன. ஒரு நாள், ஒரு மாநிலம், பொதுவாக ஐந்து பேர் வரை. வார நாளில் காலை 9 மணிக்குத்தான் செல்லத் தொடங்கும், ஏனென்றால் அதற்கு முன் வண்டிகளை அலுவலகக் கூட்டம் நிரப்பிவிடும். முடிவது நள்ளிரவிலல்ல, மறுநாள் அதிகாலை 3 மணிக்கு.

ஐந்து பேர் என்பது தமிழ்க் குடும்பத்துக்குத் தோதான எண்ணிக்கை. வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஹாம் என்ற ஊரின் ஓரத்தில், 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பிய கோபுரக் கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். தீர்த்தமாடுவது பக்கத்திலுள்ள சரக்குப் படகுக் கால்வாயில். கொலோனிலிருந்து ஆர்இ 1 வண்டி டுசல்டார்ஃப், எசென், டார்ட்மண்ட் வழியாக நேராக ஹாமுக்கே வருகிறது. ஐவருக்கான மாநில ஒருநாள் டிக்கெட் இருந்தால் காலையில் வீட்டருகே ஏறும் டிராமும், அந்த ரயிலும், ஹாமில் கோயில் பக்கம் போகும் பேருந்தும் எல்லாம் அதிலேயே அடக்கம். தனித்தனியே ஐசிஇ எடுத்தால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

தனியாளுக்குக் கணக்கு மாறும். சில வாரம் முன்பே பதிவுசெய்தால் விரைவு வண்டியின் சலுகைக் கட்டணம் மாநில டிக்கெட்டைவிட மலிவாகவே கிடைப்பதுண்டு. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும். நினைத்தபோது இறங்கி, ஊர் பார்த்து, அடுத்த வண்டி பிடிக்கும் சுகம் வட்டார டிக்கெட்டில்தான்.

வேலைக்குப் போனவர்கள் கையில் இப்போது பெரும்பாலும் ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ இருக்கும். 2022 கோடையில் விலைவாசிச் சுமையைக் குறைக்க அரசு மூன்று மாதம் 9 யூரோ டிக்கெட் விட்டது, சுமார் 5.2 கோடி விற்றது. அதன் வாரிசாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது இது. 2025இல் 58 யூரோ ஆனது. நாடு முழுக்க வட்டார வண்டி, பேருந்து, டிராம், சுரங்க ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஆனால் ஒருவர் பெயருக்கு மட்டும்தான். மகனுடையதை அப்பா எடுத்துப் போக முடியாது. விருந்தாளிகள் ஏமாறும் இடம் இன்னொன்று: இது மாதச் சந்தா. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஊர் திரும்பிய பிறகும் அடுத்த மாதப் பணம் கணக்கிலிருந்து போகும்.

நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. கேட்பாரில்லை என்று தோன்றும்; சோதனை நடுவழியில் வரும், பிடிபட்டால் 60 யூரோ. காகித மாநில டிக்கெட்டில் பெயர் எழுதக் கோடு இருக்கும், அதைப் பேனாவால் நிரப்பி அடையாள அட்டையும் வைத்திருக்கவேண்டும். முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

சரியான வண்டியில் ஏறியும் தவறான ஊருக்குப் போகலாம். சில வட்டார வண்டிகள் நடுவழியில் பிரியும். மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் பக்கம் போகும் வண்டி ஹோல்ஸ்கிர்ஷனில் துண்டுகளாகி, ஒரு பகுதி ஏரிக்கரைக்கும் இன்னொன்று வேறு பள்ளத்தாக்குக்கும் போகும். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் அந்தப் பெட்டி போகும் ஊர் எழுதியிருக்கும்.

மாநில எல்லையிலும் கொஞ்சம் தாராளம் உண்டு. பவேரியா டிக்கெட் ஆஸ்திரியாவுக்குள் இருக்கும் சால்ஸ்பர்க் வரை செல்லும். பாடன்-வுட்டெம்பெர்க் டிக்கெட் பாசல் நகரின் ஜெர்மன் நிலையம் வரை. சால்ஸ்பர்கைத் தாண்டி உள்ளே போக ஆஸ்திரிய டிக்கெட் வேண்டும். அங்கேயும் வட்டார வண்டிகளுக்கென்று இரண்டு முதல் ஐந்து பேருக்கான ஒருநாள் டிக்கெட் இருக்கிறது, வார நாளில் அதற்கும் காலை 9 மணிதான்.