தேரும் டாங்கியும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் பஞ்ச ரதங்கள் ஓடுகின்றன. மற்ற நாட்களில் பெரிய தேர் நிலையில் நின்றாலும், அது ஓட வேண்டிய பொருள் என்பதை ஊர் மறப்பதில்லை. திருவிழாவுக்கு முன் அச்சையும் சக்கரத்தையும் சோதிக்கிறார்கள். உளுத்த மரத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். 2024இல் விரிவாகப் பழுதுபார்த்த பிறகு, வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தே திருவிழாவில் இழுத்தார்கள். நம் பழைய ராணுவ வண்டிகளையும் இந்த முறையில்தான் காக்க வேண்டும். பெயின்ட் அடித்து மேடையில் ஏற்றிவிட்டால் ஒரு வண்டி பாதுகாக்கப்பட்டதாகாது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் உருவான முதல் டாங்கியான விஜயந்தா, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இன் இறுதியில் வெளிவந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. ஆயினும் 105 மி.மீ. பீரங்கியும் நான்கு பேர் குழுவும் கொண்ட அந்த வண்டியை 2,000க்கு மேல் செய்து கொடுத்தவர்கள் ஆவடித் தொழிலாளர்கள். 1971 போரிலும் அது பங்கேற்றது. படையிலிருந்து விலக்கப்பட்ட பின், பல விஜயந்தாக்கள் இன்று நாடெங்கும் போர் நினைவிடங்களிலும் வளாகங்களிலும் காட்சிக்கு நிற்கின்றன. குழந்தைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே எப்படி இயங்கியது என்பதை அந்த இரும்புக் கூடு சொல்வதில்லை.

நின்ற வண்டி தானாகவே கெடும். மழைநீர் மூடிகளின் இடுக்கு வழியே இறங்கி அடித்தட்டில் தேங்கித் துருவை வளர்க்கிறது. ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. டீசல் தொட்டியில் ஈரம் சேர்ந்து கசடு படிகிறது. இன்ஜின் சுழலும்போது உள்ளே பரவும் எண்ணெய்ப் படலம், நிற்கும்போது மெல்ல வடிந்துவிடும். பிறகு பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகிறது. விஜயந்தாவின் லேலண்ட் எல்60 இன்ஜின் ஆறு சிலிண்டர்களில் பன்னிரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும் அரிய அமைப்பு. அது ஓடும் சத்தத்தைக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லும் காதும் இன்ஜினோடு சேர்த்துக் காக்க வேண்டிய செல்வம்தான். ஓடாத இன்ஜினில் அந்தக் காதை யாரும் பழக்க முடியாது.

உதிரிப் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது பழைய வண்டியாக இருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். துனீசியாவில் 1943இல் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய ஜெர்மானிய ‘டைகர் 131’ டாங்கி, பிரிட்டனின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் வேறொரு டாங்கியின் இன்ஜினோடுதான் இன்று ஓடுகிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே அதை வெளியே எடுக்கிறார்கள். அதற்காக யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்து, கழற்றிய பாகத்தையும் பத்திரப்படுத்தினால் நேர்மை கெடாது. செலவு அதிகம் என்பதும் உண்மை. அதனால்தான் எல்லா வண்டிகளையும் ஓட வைக்கச் சொல்லவில்லை. ஒன்று ஓடட்டும், மற்றவை அதற்கு உதிரி தரட்டும். போர்க்கருவியைக் கொண்டாடலாமா என்ற தயக்கத்தையும் மதிக்கிறேன். ஆனால் பூச்சு மினுங்கும் சிலைதான் போரை அழகாக்குகிறது. நான்கு பேர் எவ்வளவு நெருக்கடியில், எவ்வளவு சூட்டிலும் இரைச்சலிலும் அமர்ந்திருந்தார்கள் என்பதை ஓடும் வண்டி ஒளிக்காமல் காட்டும்.

சட்டமும் ஓரளவு வழி திறந்திருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த தனிப்பயன் வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. அவற்றைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் பராமரிப்புக்கும் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. ராணுவ ஏலத்தில் வெளிவந்த பழைய ஜீப்புகளும், ஜபல்பூரில் 1969 முதல் தயாரான ஜோங்காக்களில் மூத்தவையும் இதனால் பிழைக்கலாம். ஜபல்பூரிலேயே உருவான சக்திமான் லாரிக்கும் டாங்கிக்கும் இந்த விதி பொருந்தாது; அவற்றை அரசு நிறுவனங்கள்தான் ஏற்க வேண்டும். டாங்கிகளை வடிவமைக்கும் அரசு ஆய்வகமும் கவச வாகனப் பொதுத்துறை நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியிலேயே இருக்கின்றன.

இந்த நிறுவனங்களுக்குத் துணைநிற்கக்கூடியவர்கள் வடமாவட்டங்களில் இருக்கிறார்கள். திருவண்ணாமலையை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காடு, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய மண். படையின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்ப்பதற்கென்றே 1943இல் தொடங்கிய இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களையும் மெக்கானிக்குகளையும் தேடி அழைத்து, தொழிற்பயிற்சி மாணவர்களோடு ஒரு விஜயந்தாவைக் கழற்றிப் பூட்டச் செய்ய வேண்டும். ஒவ்வொரு படியையும் படம்பிடித்துத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். உதிரியை இன்னொரு வண்டியிலிருந்து எடுக்கலாம், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கைப்பழக்கத்தை அப்படிச் செய்ய முடியாது; அதை வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. ஆகவே வேலை இரும்பிலிருந்து அல்ல, அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.