திண்டுக்கல் 8 மடங்கு வளர்ந்தது! வந்தவர்கள் யார்? வருமானம் எதிலே?

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டை நினைவுக்கு வரும். பூட்டு நினைவுக்கு வரும். பிரியாணியும் நினைவுக்கு வரும். இந்த ஊரில் வாழும் மக்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பிழைப்பு எது?

1901-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, திண்டுக்கல்லில் இருந்தவர்கள் 25 ஆயிரத்து 182 பேர். 2011-ம் ஆண்டுக் கணக்கில் 2 லட்சத்து 7 ஆயிரத்து 327 பேர். 110 ஆண்டுகளில் ஊர் 8 மடங்கு பெருத்துவிட்டது.

வந்தவர்கள் யார்?

சுற்றிலும் இருப்பது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால், கிராமத்து மக்கள் வேலை தேடி டவுனுக்கு வந்தார்கள். 1875-ல் ரெயில் வந்தது. வியாபாரமும் வளர்ந்தது.

நாயக்கர் ஆட்சிக் காலத்தில் தெலுங்கு பேசுவோர் வந்தார்கள். நெசவுத் தொழிலோடு சௌராஷ்டிரர்கள் வந்தார்கள். 1755-ல் ஐதர் அலி இங்கே அதிகாரியாக வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகத்தின் சமாதி இங்கேதான் இருக்கிறது. அவர் பெயரால் எழுந்ததே பேகம்பூர். தோல் தொழில் அங்கே வளர்ந்தது.

இன்று 100 பேரில் ஏறக்குறைய 70 பேர் இந்துக்கள். மீதிப் பேர் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆவர்.

டவுனுக்கு வெளியே

1961 முதல் 1981 வரை 20 ஆண்டுகளில் சுமார் 71 ஆயிரம் பேர் கூடினார்கள். 1991 முதல் 2011 வரை கூடியவர்களோ சுமார் 25 ஆயிரம் பேர்தான்.

ஏன் இப்படி? டவுனுக்குள் மனை விலை ஏறிவிட்டது. புது வீடு கட்டுகிறவர்கள் சீலப்பாடி, பாலகிருஷ்ணாபுரம், அடியனூத்து என்று எல்லை தாண்டிப் போனார்கள். அவர்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் டவுனுக்குத்தான் வருகிறார்கள். ஆனால், டவுன் கணக்கில் அவர்கள் சேரவில்லை. 2014-ல் திண்டுக்கல் மாநகராட்சி ஆயிற்று.

கைத்தொழிலுக்கு வந்த சோதனை

ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சோறு போட்டவை பூட்டு, சுருட்டு, தோல் ஆகிய மூன்றும்தான். திண்டுக்கல் சுருட்டு சீமை வரை போயிற்று. இப்போது சுருட்டு பிடிப்போர் குறைந்துவிட்டனர். தோல் தொழில் கூலி கொடுத்தது. ஆனால், அதன் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது.

பூட்டின் கதை வேறு. திண்டுக்கல் பூட்டுக்குள் பல தகடுகள் உண்டு. சாவியைத் திருப்பும்போது ஒவ்வொன்றும் சரியான அளவு உயரவேண்டும். ஒன்று தவறினாலும் பூட்டு திறக்காது. தொழிலாளி அந்தத் தகடுகளைக் கையால் அராவிப் பொருத்துகிறார். வடநாட்டு அலிகாரில் எந்திரம் மளமளவென்று பூட்டுகளைச் செய்து தள்ளுகிறது. அதன் விலை குறைவு. பிறகு கைப்பூட்டுக்கு எப்படிக் கூலி கட்டும்?

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூட்டை இந்தப் பெயரில் விற்கக்கூடாது என்பது அதன் பொருள். பெயருக்குக் காவல் கிடைத்தது. தொழிலாளியின் கூலி அதனால் மட்டும் உயர்ந்துவிடாது.

மாதச் சம்பளம்

பூட்டுத் தொழிலில், செய்த அளவுக்குத்தான் காசு. நூல் மில், ஓட்டல், கடை, பஸ் ஆகியவற்றில் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். பள்ளிக்கட்டணமும் வீட்டு வாடகையும் மாதா மாதம் கட்டவேண்டியவை அல்லவா? அதனால் அப்பாவின் பட்டறையில் மகன் உட்காருவதில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது.

2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கில் தலைகளின் எண்ணிக்கை தெரிந்துவிடும். பூட்டு செய்யத் தெரிந்த கைகள் குறையாமல் இருக்கவேண்டுமானால், வாங்குகிறவர்கள் மனம் வைக்கவேண்டும். பூட்டு வாங்கும்போது, "இது எந்த ஊர்ப் பூட்டு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்!