ஜப்பானிய நிதித் துறையில் அயல்நாட்டு வழக்கறிஞர்

2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மலேசிய அரசு ஜப்பானியச் சந்தையில் 20,000 கோடி யென் கடன் திரட்டியது. தவணை பத்து ஆண்டு. வட்டி ஆண்டுக்கு 0.53 விழுக்காடு, ஜப்பானிய அரசின் உடைமையாகிய பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கி உத்தரவாதம் நின்றது. அயல்நாட்டார் ஜப்பானில் யென் நாணயத்தில் வெளியிடும் இத்தகைய கடன் பத்திரங்களைச் சந்தையில் 'சாமுராய்' பத்திரங்கள் என வழங்குவர். 1970இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெளியிட்டதே இவற்றுள் முதலாவது. வட்டி மிகக் குறைவு என்பதை நாளிதழ் படிப்போர் யாவரும் கண்டனர். ஆனால் இப்பத்திரங்களை எந்நாட்டுச் சட்டம் ஆள்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. சாமுராய்ப் பத்திரங்களை ஆள்வது ஜப்பானியச் சட்டம். கடன் கேட்கும் அரசு வேறு மொழி பேசுவது. வேறு சட்ட மரபில் வளர்ந்தது. அந்நிலையில் அதற்கு அறிவுரை கூறும் உரிமை யாருக்கு உண்டு? அயல்நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்று டோக்கியோவில் அமர்ந்து அவ்வேலையைச் செய்யலாமா? இவ்வினாவிற்கு விடை காண ஜப்பானுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

அயல்நாட்டுச் சட்டத்தார்மீது ஜப்பானியர் கொண்ட ஐயத்தின் வேர் ஆழமானது. 1859இல் யோக்கோஹாமா போன்ற துறைமுகங்கள் மேலைநாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டன. அங்கே குடியேறிய ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜப்பானிய நீதிமன்றத்திற்கு அடங்கியவரல்லர். அவரவர் நாட்டுத் தூதரகமே அவரவர்க்கு நீதிமன்றம். ஆங்கில வணிகன்மீது வழக்குத் தொடுக்க விரும்பிய ஜப்பானியன், தன் ஊரிலேயே ஆங்கிலேய நீதிபதி முன்னிலையில் அயலானைப் போல நிற்க வேண்டியிருந்தது. இவ்விழிவைத் துடைக்கவே மெய்ஜி கால அறிஞர்கள் மேலைநாட்டார் மறுக்க இயலாத வகையில் சட்டத் தொகுதிகளை இயற்ற முற்பட்டனர். ஜெர்மானிய, பிரெஞ்சு மரபுகளைத் தழுவிய உரிமையியல் சட்டம் 1898இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தூதரக நீதிமன்றங்கள் ஒழிந்தன. சட்டத்தைத் தம் கையில் வைத்திருப்பது ஜப்பானியர்க்குத் தன்மானத்தோடு பிணைந்த செய்தியாயிற்று.

பணத்தின் பாதை வேறாக இருந்தது. 1904இல் ருஷ்யாவுடன் போர் மூண்டதும் ஜப்பானிய மத்திய வங்கியின் துணை ஆளுநர் தக்காஹாஷி கொரெக்கியோ இலண்டனுக்குச் சென்று ஒரு கோடி பவுன் கடன் பெற்றார். அதிற் பாதியை நியூயார்க் வங்கியாளர் ஏற்றனர். வட்டி 6 விழுக்காடு. ஈடாகக் காட்டப்பட்டதோ நாட்டின் சுங்க வருவாய். மலேசியா 2019இல் பெற்ற கடனோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், கடன் கேட்போர் நிலையும் கொடுப்போர் நிலையும் நூறாண்டில் எவ்வாறு மாறின என்பது விளங்கும்.

வழக்கறிஞர் தொழிலின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1876இல் 'தைகென்னின்', அதாவது 'பிறருக்காகப் பேசுவோர்', பற்றிய விதிகள் வகுக்கப்பட்டன. இவர்களுள் தகுதியற்றோர் பலர் புகுந்து, அற்பக் கூலிக்கு வழக்கு நடத்தி மக்களை ஏய்த்தனர். அவர்களை 'முந்நூறு காசுப் பேச்சாளர்' என்று மக்கள் எள்ளினர். ஜப்பானிய மொழியில் அச்சொல் வீண்வாதம் புரிவோரைக் குறிக்கும் வசையாக நிலைத்துவிட்டது. 1893இல் 'பெங்கோஷி' என்ற பெயரோடு முறையான வழக்கறிஞர் தோன்றினர். எனினும் அவர்கள் அரசின் மேற்பார்வையிலேயே இருந்தனர். போருக்குப் பின் 1949இல் இயற்றப்பட்ட வழக்கறிஞர் சட்டமே அவர்களை நீதி அமைச்சின் பிடியினின்று விடுவித்துத் தம்மைத் தாமே ஆளும் சங்கமாக்கியது. கூலி பெற்றுச் சட்டப் பணி செய்யும் உரிமை பெங்கோஷிக்கே உண்டு என்று அச்சட்டத்தின் 72ஆம் பிரிவு கூறுகிறது. அரும்பாடு பட்டுப் பெற்ற தன்னாட்சியை அவர்கள் கண்ணும் கருத்துமாகக் காத்ததில் வியப்பில்லை. பிற்காலத்தில் அமெரிக்க அரசு இதனை வெறும் வணிகத் தடை என்று பழித்தது. அது பாதி உண்மையே.

அதே சட்டத்தில் 7ஆம் பிரிவு என்றொரு சாளரமும் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்ற அயல்நாட்டு வழக்கறிஞர் ஜப்பானில் தொழில் நடத்தலாம் என்றது அது. இவ்வழியே வந்த அமெரிக்கர் சிலரின் அலுவலகங்களுள் ஒன்றுதான் 1952இல் தோன்றிய ஆண்டர்சன் மோரி. 1955இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. முன்னரே உரிமை பெற்றோர் தொடர்ந்தனர், புதியோர்க்கு வழியில்லை.

1970களில் ஜப்பானிய ஏற்றுமதி பெருகி, நியூயார்க் வங்கிகளும் இலண்டன் வங்கிகளும் டோக்கியோவை நாடின. வங்கி செல்லுமிடத்திற்கு அதன் வழக்கறிஞரும் செல்வது இயல்பு. சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் நெடுநாளைய சட்ட ஆலோசகராகிய மில்பாங்க் ட்வீட் நிறுவனம் 1977இல் டோக்கியோவில் அலுவலகம் திறந்தபோது வழக்கறிஞர் சங்கங்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. இரு அரசுகளுக்கும் இடையே பல ஆண்டு வாதம் நடந்தது. முடிவில் 1986இல் தனிச் சட்டம் ஒன்று பிறந்து, 1987 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது 'அயல்நாட்டுச் சட்டப் பணி வழக்கறிஞர்' என்ற புதிய வகுப்பை உண்டாக்கியது. ஜப்பானியர் இப்பெயரைச் சுருக்கிக் 'காய்பென்' என்பர். தன் நாட்டில் ஐந்தாண்டு தொழில் செய்த பட்டறிவு, நீதி அமைச்சரின் ஒப்புதல், வழக்கறிஞர் கூட்டமைப்பில் பதிவு, ஆண்டில் 180 நாள் ஜப்பானில் வாசம் ஆகியவை காய்பெனுக்கு வேண்டும். தன் நாட்டுச் சட்டம் பற்றி அவர் அறிவுரை கூறலாம். ஜப்பானியச் சட்டம் பற்றிக் கூறலாகாது. நீதிமன்றம் ஏறலாகாது. பெங்கோஷியை வேலைக்கு வைக்கவும் கூடாது, பங்காளியாகச் சேர்க்கவும் கூடாது. இத்தனை கட்டுகளையும் ஏற்று, கிளிஃபர்ட் சான்ஸ், லிங்க்லேட்டர்ஸ், வைட் அண்ட் கேஸ், சலிவன் அண்ட் குரோம்வெல் முதலிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே வந்து அமர்ந்தன.

இக்கட்டுகள் ஒரு கடனில் எவ்வாறு உறுத்தின என்பதை எடுத்துக்காட்டால் அறியலாம். இலண்டன் வங்கி ஒன்று, ஒசாக்காவில் ஆலை உடைய நிறுவனத்திற்குக் கடன் கொடுக்கிறது என்று கொள்க. கடன் ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்தைச் சார்ந்தது. அதனைக் காய்பென் எழுதுவார். ஆலை நிலத்தின் ஈடோ ஜப்பானியப் பதிவேட்டில் ஏற வேண்டும். அது செல்லுமா என்பதைப் பெங்கோஷியே கூறலாம். ஆகவே ஒரே கடனுக்கு இரண்டு அலுவலகம், இரண்டு கருத்துரை, இரண்டு கட்டணம். செலவைவிடப் பெரிய இடர், இரு சட்டங்களும் சந்திக்கும் பொருத்துவாயில் இருந்தது. பல வங்கிகள் கூடிக் கடன் கொடுக்கும்போது, அவை யாவற்றின் சார்பிலும் ஒருவரே ஈட்டைத் தம் பெயரில் வைத்துக் காப்பது ஆங்கில வழக்கம். ஈடு யார் பெயரில் உளதோ அவரே கடன் கொடுத்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பது ஜப்பானிய மரபு. 2006இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த பொறுப்புரிமைச் சட்டமே ஆங்கில முறைக்குத் தெளிவாக இடம் தந்தது. அதுவரை இரு தரப்பு வழக்கறிஞரும் சொற்களால் பாலம் கட்டிக் காலம் தள்ளினர்.

ஒப்பந்தம் எழுதும் முறையிலும் வேற்றுமை உண்டு. நியூயார்க் மரபில் கடன் ஒப்பந்தம் நூறு பக்கத்தைத் தாண்டுவது எளிது. வரக்கூடிய கேடு ஒவ்வொன்றும் முன்கூட்டியே எழுதப்படும். பழைய ஜப்பானிய ஒப்பந்தம் சில பக்கங்களே. இறுதியில், ஐயம் எழுந்தால் இரு தரப்பாரும் நன்னம்பிக்கையோடு கலந்து பேசித் தீர்ப்பர் என்றொரு வரி இருக்கும். 1962இல் வங்கிச் சங்கம் ஒரு மாதிரி உடன்படிக்கையை வகுத்தது. கடன் வாங்குவோன் மட்டும் முத்திரை குத்தி வங்கியிடம் ஒப்படைக்கும் முறையே அதில் வழங்கியது. வங்கி கையொப்பமிட வேண்டியதில்லை! 2000ஆம் ஆண்டில் சங்கம் இம்மாதிரியைக் கைவிட்டது. கலந்து பேசித் தீர்க்கும் வழக்கத்தைப் பண்பாடு என்று புகழ்வோர் உளர். வங்கியும் கடனாளியும் தலைமுறை தலைமுறையாக உறவாடிய காலத்தில் அது பொருந்தியது. கடன் கைமாறி முகமறியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தபின் யாருடன் கலந்து பேசுவது?

கடன்கள் கைமாறும் காலம் 1997இல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கி வீழ்ந்தது. யமாஇச்சி பங்கு நிறுவனமும் கடையை மூடியது. வாராக் கடன்களை மூட்டை மூட்டையாக விற்க வேண்டிய நிலை. அவற்றை வாங்க வந்தோருள் அமெரிக்க முதலீட்டாளர் பலர். பழைய உரிமையியல் சட்டப்படி, கடன் கைமாறியதை ஒவ்வொரு கடனாளிக்கும் நாள் உறுதி செய்யப்பட்ட அறிவிப்பால் தெரிவித்தல் வேண்டும். பல்லாயிரம் சிறு கடன்களுக்கு இஃது ஆகுமா? 1998இல் வந்த சட்டம், அரசுப் பதிவகத்தில் பதிந்தாலே மூன்றாம் ஆட்களுக்கு எதிராகச் செல்லும் என்று வழி செய்தது. அதே ஆண்டில், பிறர் கடனை வசூலிக்கும் நிறுவனங்களுக்கு 72ஆம் பிரிவினின்று விலக்குத் தந்த சட்டமும் பிறந்தது. பெங்கோஷியின் கோட்டை மதிலில் நிதி நெருக்கடியே வாயில் வைத்தது எனலாம்.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் தலையாயது நீண்டகாலக் கடன் வங்கியின் விற்பனை. 1998 அக்டோபரில் அரசுடைமையான இவ்வங்கியை, 2000 மார்ச்சில் ரிப்பிள்வுட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தலைமையில் அமைந்த குழு வாங்கியது. விலை 100 கோடி யென். அதன்மேல் 12,000 கோடி யென் புதிய முதல். கணக்கில் உள்ள கடன்களுள் எவை வாரா என்பது வாங்குவோர்க்குத் தெரியாது. வரும் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள அரசுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒப்பந்தம் எழுதியோர் உரிமையியல் சட்டத்தின் பழைய கருத்தொன்றைக் கையில் எடுத்தனர். விற்ற பொருளில் மறைந்த 'கஷி' இருப்பின் விற்றவனே பொறுப்பு என்பது அது. கஷி என்னும் சொல்லின் முதல் எழுத்து மணிக்கல்லில் உள்ள மறுவையும், அடுத்தது வடுவையும் குறிக்கும். இதனைக் கடனுக்கும் பொருத்தி, மூன்றாண்டுக்குள் ஒரு கடனின் மதிப்பு இருபது விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் அதனை அரசே திரும்பப் பெறும் என்று எழுதினர்.

விளைவு விரைவில் தெரிந்தது. ஷின்செய் எனப் புதுப் பெயர் பெற்ற அவ்வங்கி, சோகோ பேரங்காடி நிறுவனத்திற்குக் கடன் தள்ளுபடி செய்ய மறுத்து, அக்கடனை அரசின் வைப்புக் காப்பீட்டு அமைப்பிடம் ஒப்படைத்தது. அவ்வமைப்பு சுமார் 9,700 கோடி யென்னைத் தள்ளுபடி செய்ய எண்ணியபோது, வரி செலுத்தும் மக்கள் கொதித்தனர். 2000 ஜூலையில் சோகோ நீதிமன்றத்தில் மறுவாழ்வுப் பாதுகாப்பு நாடியது. பழைய வங்கி உறவால் அணைந்து கிடந்த நெருப்பை ஒப்பந்தத்தின் ஒரு வாசகம் கிளறிவிட்டது. வாசகத்தை எழுதியோரைப் பழித்தோர் மிகப் பலர். ஆயின் சட்டம் விட்ட இடைவெளியில் கிடைத்த சொல்லைக்கொண்டு பாலம் கட்டுவதே வழக்கறிஞர் வேலை. குறை, நட்டப் பகிர்வுக்கு முன்னரே விதி செய்யாதோரிடம் இருந்தது. பின்னர் உரிமையியல் சட்டம் திருத்தப்பட்டு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, 'கஷி' என்னும் சொல் நீக்கப்பட்டு, 'ஒப்பந்தத்தோடு பொருந்தாமை' என்னும் தொடர் அவ்விடத்தில் அமைந்தது.

காய்பென் சட்டமும் படிப்படியாக நெகிழ்ந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் பெங்கோஷியோடு வரையறுத்த கூட்டுத் தொழிலுக்கு இடம் தந்தது. 1998இல் ஐந்தாண்டுப் பட்டறிவு மூன்றாண்டாகக் குறைந்தது. 2005 ஏப்ரல் முதல் காய்பென் பெங்கோஷியை வேலைக்கு வைக்கலாம் என்றாயிற்று. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 நவம்பர் முதல் இரு வகுப்பாரும் ஒரே சட்டக் கூட்டுருவாகத் தொழில் நடத்தலாம். ஜப்பானியச் சட்ட அறிவுரை மட்டும் இன்றும் பெங்கோஷியின் வாயிலிருந்தே வர வேண்டும்.

அயல்நாட்டார் உள்நாட்டுத் தொழிலை விழுங்கிவிடுவர் என்று 1977இல் பலர் அஞ்சினர். அவ்வாறு நேரவில்லை. காய்பென் தொகை இன்றும் சில நூறே. பெங்கோஷி தொகையோ 45,000ஐத் தாண்டிவிட்டது. நிஷிமுரா, மோரி ஹமதா, நகாஷிமா ஓனோ, ஆண்டர்சன் மோரி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வழக்கறிஞரைக் கொண்டு வளர்ந்து, அயல்நாட்டார் கொணர்ந்த நீண்ட ஒப்பந்த முறையைத் தாமும் கைக்கொண்டன. அமெரிக்கர் தொடங்கிய ஆண்டர்சன் மோரி இன்று ஜப்பானின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது காலத்தின் விளையாட்டு. இந்நான்கும் சிங்கப்பூரில் அலுவலகம் வைத்துள்ளன. அங்கே அவர்களே அயல்நாட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்துகின்றனர்.