பி.எஸ்சி படிக்கும்போதே ஆராய்ச்சி செய்யலாமா? எப்படி விண்ணப்பிப்பது?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இதுபோன்ற ஆய்வகத்தில் வேலை பார்க்க பிஎச்.டி வரை காத்திருக்கணுமா? தேவையில்லை.

என்ன வாய்ப்பு?
பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள 3 அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப் தருகின்றன. தேர்வானால் ஒரு விஞ்ஞானியிடம் 2 மாதம் ஆய்வு செய்யலாம். ரயில் கட்டணமும் மாத உதவித்தொகையும் உண்டு.

என்ன தேவை?
மதிப்பெண் விவரம், எதில் ஆய்வு செய்ய ஆசை என்ற சிறு குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

கவனம்!
கோடையில் நடக்கும் ஆய்வுக்கு, பெரும்பாலும் முந்தைய ஆண்டு இறுதியிலேயே விண்ணப்பம் முடிஞ்சிடும். ஏப்ரல்ல தேடினா லேட். பரிந்துரைக் கடிதத்துக்கு தீபாவளிக்கு முன்னாடியே உங்க பேராசிரியர்கிட்ட பேசிடுங்க.