முயல் வேட்டையும் வண்ண விளக்கும்

ஆஸ்திரேலிய நாட்டு உழவருக்கு முயல் கொஞ்சி மகிழும் பிராணி அன்று. புல்லையும் பயிரையும் தின்று தீர்க்கும் பகையாகும். 1859-ஆம் ஆண்டின் இறுதியில் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார், விக்டோரியா மாநிலத்திலிருந்த தமது பண்ணையில் வேட்டை விளையாட்டுக்கென 24 முயல்களை இங்கிலாந்திலிருந்து தருவித்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் சில பத்தாண்டுகளில் கண்டத்தின் பெரும் பகுதியை ஆக்கிரமித்துக்கொண்டன. முயல்களைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,139 மைல் நீள வேலி ஒன்று 1907-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1950-ல் மிக்சோமடோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் கிருமி பரப்பப்பட்டது. முயல் இனம் குறைந்ததே தவிர, ஒழியவில்லை.

இவ்விலங்கு பகலில் வளைக்குள் பதுங்கி, அந்திக்குப் பின் மேய வெளிவரும் இயல்புடையது. ஆகவே இதனைச் சுடுவோர் இரவில் விளக்குடன் செல்கின்றனர். ஆனால் ஒருமுறை விளக்கொளியில் சுடப்பட்டுத் தப்பிய முயல், மறுமுறை வெள்ளொளியைக் கண்டதும் வளைக்கு ஓடிவிடும். இக்காரணத்தாலேயே விளக்கின் முகப்பில் வண்ண வடிகட்டி பொருத்தும் வழக்கம் உண்டாயிற்று. சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்றில் எது நன்று என்பதே வேட்டைக்காரரிடையே ஓயாத வழக்காக இருந்து வருகிறது.

வடிகட்டி செய்வது என்ன?

வடிகட்டி ஒளிக்கு நிறத்தை ஊட்டுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வெள்ளொளியில் எல்லா நிறங்களும் கலந்துள்ளன. சிவப்பு வடிகட்டி சிவப்பை மட்டும் போகவிட்டு, ஏனையவற்றைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. அதாவது, வடிகட்டி எதையும் கூட்டுவதில்லை, கழிக்கவே செய்கிறது. வண்ணம் எதுவாயினும், அதைப் பொருத்தியவுடன் விளக்கின் வீச்சுக் குறைவது இதனாலேயே ஆகும்.

முயலின் கண்

பகலில் நிறம் காண உதவும் கூம்பு அணுக்கள் மனிதனின் விழித்திரையில் மூவகை உண்டு. முயலுக்கோ இருவகையே உண்டு. ஒளியின் அலைநீளத்தை அளக்கும் நானோமீட்டர் கணக்கில், ஒன்று ஏறத்தாழ 425 அளவுள்ள நீல ஒளியையும், மற்றொன்று ஏறத்தாழ 520 அளவுள்ள பச்சை ஒளியையும் மிகுதியாக ஏற்கின்றன. மங்கிய ஒளியில் பார்வை தரும் கோல் அணுக்கள் 500-ஐ ஒட்டிய நீலப்பச்சையில் கூர்மை மிக்கவை. சிவப்பு வடிகட்டி விடும் ஒளியோ 620-க்கு மேற்பட்டது. அதனை உணர்வதற்கென்று தனி அணு முயலிடம் இல்லை.

இதனால் சிவப்பு விளக்கு முயலுக்குத் தெரியவே தெரியாது என்று கொள்ளுதல் தவறு. பச்சையை ஏற்கும் அணு, சிவப்பையும் சிறிதளவு ஏற்கும். அருகிலிருந்து வலிய சிவப்பொளியைப் பாய்ச்சினால் முயல் அதனை மங்கிய வெளிச்சமாகக் காணும். மேலும், அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால், ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதும் அதன் பார்வைக்கு உட்படும். காதும் மூக்கும் அதற்குக் கண்ணினும் பெருந்துணை. காலடி ஓசையையும் காற்றில் வரும் மணத்தையும் எந்த வடிகட்டியும் மறைப்பதில்லை.

மனிதரின் கண்

இனி, விளக்கைப் பிடித்திருப்பவரின் நிலையைக் காண்போம். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓர் உண்மையைக் கண்டறிந்தார். பகலில் பளிச்செனத் தோன்றும் சிவப்பு மலர், விடியற்காலை மங்கலில் கறுத்துத் தோன்றுகிறது. நீல மலரோ ஒளிர்கிறது. மங்கலில் வேலை செய்யும் கோல் அணுக்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதில்லை என்பதே இதன் காரணம்.

இவ்வுண்மையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இருளுக்குக் கண் முழுதும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். வெள்ளொளி அப்பழக்கத்தை நொடியில் கெடுக்கும். மங்கிய சிவப்பொளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை. இது நன்மை. முயலின் கண்ணிலிருந்து ஒளியைக் கழிக்கும் சிவப்பு, மனிதர் கண்ணிலிருந்தும் பெரும் பகுதியைக் கழித்துவிடுகிறது. இது தீமை.

எந்த வண்ணம்?

பகலொளிக்குப் பழகிய மனிதக் கண்ணுக்கு 555 அளவுள்ள மஞ்சட்பச்சையே மிகப் பிரகாசமானது. ஆதலால் பச்சை வடிகட்டியில் புல்வெளி தெளிவாகத் தெரியும். ஆனால் முயலின் கண்ணும் அங்கேயே கூர்மையானது. நீலம் இருவகையிலும் தீது: மனிதருக்கு மங்கல், முயலுக்கு வெளிச்சம். 590-ஐ ஒட்டிய மஞ்சள், சிவப்பைவிடத் தொலைவு காட்டும். பச்சையைவிட முயலுக்கு மங்கலாகப்படும். விளக்கொளி அறியாத முயல்கள் உள்ள இடத்தில் மஞ்சள் போதும். வேட்டையாடிப் பழகிய நிலத்தில், அண்மைத் தொலைவுக்குச் சிவப்பு ஏற்றது.

விளக்கின் வகையையும் நோக்க வேண்டும். பழைய இழை விளக்கின் ஒளியில் சிவப்பு மிகுதி. ஆகவே சிவப்பு வடிகட்டி அதற்கு ஒருவாறு பொருந்தும். ஆனால் அதன் வெப்பம் பிளாஸ்டிக் வடிகட்டியை இளக்கிவிடும், கண்ணாடியே தகும். இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் நீலம் மிகுதி, ஆழ்ந்த சிவப்புக் குறைவு. அதன்மேல் சிவப்பு வடிகட்டி இடுவது பெரும்பகுதி மின்சாரத்தை வீணாக்குவதாகும். சிவப்பொளியையே உமிழும் எல்.இ.டி. விளக்கு வாங்குவதே சிக்கனம்.

சுடுமுன் அறிக

கண்ணொளியை மட்டும் கண்டு சுடுவது பெரும் பிழை. நரி, பூனை, நாய், ஆடு ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. எனவே அவற்றின் கண் தொலைவிலும் சுடர்விடும். முயலுக்கு அப்படலம் இல்லை. அதன் கண் மங்கிய சிவப்பாகவே தெரியும். ஆனால் சிவப்பு விளக்கின் கீழ் எல்லாக் கண்ணுமே சிவப்பாய்த் தோன்றுவதால், நிறத்தைக் கொண்டு பிரித்தறியும் வாய்ப்பு அற்றுப்போகிறது. வறண்ட பகுதிகளில் பில்பி என்னும் நீண்ட காதுடைய பிராணி இரவில் உலவுகிறது. அருகிவரும் அவ்வினம் சட்டத்தால் பாதுகாக்கப்படுவது. முயலினின்று அதனை வேறுபடுத்தும் கூரிய மூக்கும், வெண்ணுனி கொண்ட கரிய வாலும் தெரியுமளவு வெளிச்சம் இல்லாதவிடத்துத் துப்பாக்கியை உயர்த்தலாகாது.

இன்னும் ஒன்று. ஒரு விளக்கின் ஒளி, தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். வடிகட்டியிட்ட விளக்கு நூறு அல்லது இருநூறு கஜத்திற்குள் தளர்ந்துவிடும். முயல் வேட்டைக்குப் பயன்படும் சிறிய பாயிண்ட் 22 தோட்டாவோ ஒரு மைலுக்கு அப்பாலும் செல்ல வல்லது. விளக்குக் காட்டாத அந்த இருளில் மாட்டுத் தொழுவம் இருக்கலாம். மனிதர் வாழும் வீடும் இருக்கலாம். எனவே நிலத்தைப் பகலில் சுற்றிப் பார்த்து, பின்னணியில் மேடு உள்ள இடத்தைத் தெரிந்துகொள்வது வடிகட்டி தேர்வதினும் முந்திய கடமையாகும்.

முயலுக்குத் தெரியாமல் மறைவதற்காக இடும் திரை, சுடுபவரின் கண்ணுக்கும் திரையாகிவிடுகிறது. மங்கிய வண்ண ஒளியில் தேடலாம். தெளிவாகக் கண்ட பின்னரே சுடலாம். இலக்கும் அதன் பின்புறமும் ஐயமறத் தெரியாதபோது, முயலை ஓடவிடுவதே அறிவுடைமை.